ஓசை படிப்பாகுமா?

மஃரிபுத் தொழுகை முடிந்ததும் நம் இல்லங்களில் பாடப்புத்தக ஓசை எழும்புகிறது. ஓசை கேட்கும்வரை பிள்ளை படிப்பதாக வாப்பா நம்புகிறார்; ஓய்ந்தால் அடுப்பங்கரையிலிருந்து உம்மா அதட்டுகிறார். ஓசையையே கல்வியெனக் கொள்ளும் இவ்வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

திருமறையைப் பொருளறியாது ஓதினும் நன்மை உண்டு, அது வணக்கம். புவியியல் பாடத்தை அவ்வாறு ஓதுவதற்கும் நன்மை உண்டென எந்தக் கிதாபிலும் நாம் கண்டதில்லை!

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் மழை பொழிகிறது. மலைக்குக் கிழக்கேயுள்ள தமிழகம் மழை மறைவில் அமைகிறது. இப்பாடத்தைத் தங்குதடையின்றி ஒப்பித்த மாணவனிடம், “ஜூன் மாதம் கொல்லத்தில் மழை கொட்டும்போது காயல்பட்டினத்தில் வெயில் காய்வது ஏன்?” என்று கேட்டோம். “இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லையே, ஹஜ்ரத்!” என்றான். விடையோ அவன் நாவிலேயே இருந்தது.

இதற்கு மருந்து தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. நம் மதரஸாக்களில் பாடத்திற்கு முதல்நாள் இரவு மாணவன் கிதாபைத் தானே பார்த்து, விளங்காத இடத்தைக் கண்டுவைப்பான். அதற்கு முதாலஆ என்று பெயர். உஸ்தாதிடம் பாடம் கேட்டபின் தோழர்கள் கூடியமர, ஒருவன் அப்பாடத்தைத் தன் சொல்லால் விளக்குவான். மற்றவர்கள் மடக்கிக் கேட்பார்கள். அதற்குத் தக்ரார் என்று பெயர். தக்ரார் என்னும் சொல்லுக்குத் திரும்பச் செய்தல் என்பதே பொருள். நம் வீடுகள் அச்சொல்லின் தோலை எடுத்துக்கொண்டு சுளையை எறிந்துவிட்டன.

ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் ‘தஃலீமுல் முதஅல்லிம்’ எழுதிய இமாம் ஸர்னூஜி அவர்கள், விளங்காத எதையும் மாணவன் எழுதிவைக்கலாகாது என்றார்கள். தனியே திரும்பத் திரும்பப் படிப்பதைவிடத் தோழருடன் வினவி ஆராய்வதை உயர்த்தினார்கள். இன்றோ, விளங்காததை எழுதுவதற்கென்றே விலைக்கு நோட்ஸ் வாங்கிக் கொடுக்கிறோம்.

மதரஸாவிலும் மனனம் உண்டே என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. விளங்கியபின் மனனம் செய்வது வேறு, விளங்குவதற்குப் பதிலாக மனனம் செய்வது வேறு.

பழம்பெருமை பேசுகிறோம் என்று நகைப்போருக்காக ஒன்று சொல்வோம். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறு பகுதிகளை மாணவர்க்குக் கொடுத்தனர். ஒரு பகுதியை மீண்டும் படிக்கச் செய்தனர். மற்றொன்றைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்ததே மேலோங்கியது. ஒரு வாரம் கழித்தோ, நினைவுகூர்ந்து எழுதியதில் 56 விழுக்காடு நின்றது. மீண்டும் படித்ததில் 42 விழுக்காடே நின்றது. ஒப்பித்தவுடன் மகிழ்ந்துபோகும் வாப்பாமார்கள் அந்த ஐந்து நிமிடக் கணக்கிலேயே ஏமாந்துவிடுகிறார்கள்.

உம்மா பள்ளிக்கூடம் அறியாதவராயினும் தடையில்லை. புத்தகத்தை மூடச் சொல்லி, “இதில் என்ன சொல்லியிருக்கிறது, எனக்கு விளங்கச் சொல்” என்று கேட்கட்டும். பிள்ளை திணறும் இடத்தில் புத்தகத்தைத் திறக்கச் சொல்லட்டும். அவ்வேளை வீடு சற்று அமைதியாகத்தான் இருக்கும். அதற்காக யாரும் அதட்ட வேண்டாம்.