மூன்று நாளும் மூன்று நிமிடமும்

ஒருவர் தமது வாழ்வில் நேர்ந்ததொன்றைத் தம் குரலிலேயே சொல்ல, அதனோடு சில புகைப்படங்களை இணைத்து, இரண்டு மூன்று நிமிடங்களுள் முடியும் சிறு படமாக்குதலை எண்ணிமக் கதைகூறல் என்பர். இதற்குக் கைத்தொலைபேசி ஒன்றே போதும். சொல்பவர் கலைஞராயிருக்க வேண்டியதில்லை. சூறாவளியும் போரும் ஆழிப்பேரலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கிய மட்டக்களப்பு மாவட்டத்தில், கிரானைப் போன்ற ஓர் ஊருக்கு இக்கலை வேண்டற்பாலதே. அதில் வழக்கில்லை. எவ்வாறு கற்பிப்பது என்பதிலேயே வழக்கு. வெளியிலிருந்து வருவோர் மூன்று நாட் செயலமர்வில் ஒருவரை இருத்தி, மூன்று நிமிடக் கதையைப் பெற்றுச் செல்லும் முறை கற்பித்தலாகாது. அது வெறும் சேகரிப்பே.

இம்முறை தோன்றிய சூழலை அறிந்தால் இதன் பொருந்தாமை புலனாகும். 1990களின் நடுப்பகுதியில் கலிபோர்ணியாவில் ஜோ லாம்பர்ட், டானா அட்ச்லி முதலியோர் இதனைத் தொடங்கினர். பெருநிறுவனங்களின் கையிலிருந்த கருவியைச் சாதாரண மனிதர் கையிற் கொடுப்பதே அவர் நோக்கம். அது போற்றத்தக்க நோக்கமே. மூன்று நாட் செயலமர்வு அவர்களுக்கு வசதியாயிருந்தது. 2001 முதல் 2008 வரை வேல்ஸ் நாட்டில் பி.பி.சி. நடத்திய திட்டத்தில் டானியல் மெடோஸ் என்பார் அளவை இன்னும் இறுக்கினார்: ஏறத்தாழ 250 சொற்கள், ஒரு பன்னிரண்டு படங்கள், இரண்டு நிமிடம். குடும்பப் புகைப்படத் தொகுதி அலுமாரியில் பத்திரமாயிருக்கும் வீடுகளுக்கு இவ்வளவு பொருந்தும். 1978 நவம்பரில் கூரையைச் சூறாவளி கொண்டுபோக, 1990இல் கைக்குழந்தையோடு மட்டும் வெளியேறி, மீண்டு வந்து வெள்ளத்தில் நின்ற ஒரு குடும்பத்திடம் பழைய படங்களைக் கொண்டுவருமாறு கேட்பவர், தாம் கேட்பது இன்னதென்று அறியாதவர். படமில்லாத வீட்டுக்கு எதைக் காட்டுவது? அடுப்படியையா, வயிரவர் கோயில் மரத்தையா, பேசுபவரின் கைகளையா? கற்பித்தல் இங்கேயே தொடங்க வேண்டும். மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தல் அரைநாள் வேலை.

இதனினும் பெரிய இடர்ப்பாடு கதையின் முடிவைப் பற்றியது. லாம்பர்ட் வகுத்த படிகளுள் முதலாவது, சொல்பவர் தம் கதையின் உட்பொருளைத் தாமே கண்டு தமதாக்கிக்கொள்ளல். முடிந்துபோன நிகழ்ச்சிக்கு இது நன்று. கிரானிலிருந்து சிறு தொலைவிலுள்ள வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் 1990 செப்ரெம்பர் 5ஆம் நாள் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. மகன் இருக்கின்றானா இல்லையா என்பதே தெரியாத தாய் தன் கதையின் உட்பொருளை மூன்றாம் நாள் பிற்பகலுக்குள் கண்டுகொள்ள வேண்டுமாம்! அத்தகைய தாய்மார் முன்னே ஆணைக்குழுக்களும் அலுவலகங்களும் வரிசையாக வந்துள்ளன. 1994இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, 2010இன் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் அமைந்த பரணகம ஆணைக்குழு, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் என ஒவ்வொன்றும் தத்தம் படிவத்துக்கேற்பவே கேட்டது. செயலமர்வும் இன்னொரு படிவத்தோடு வருமாயின், அதற்கும் அவற்றுக்கும் வேறுபாடு ஒலிவாங்கியின் தரத்தில் மட்டுமே.

மாற்று வழியைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்புக் கிராமத்தில் கூத்துப் பழகுவோர் எவ்வாறு கற்கின்றனர்? அண்ணாவியார் சட்டம் கொடுக்கின்றார். பகலில் வயலுக்கும் வாவிக்கும் போய்வந்தவர்கள் இரவில் களரியிற் கூடுகின்றனர். சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் என மாதக்கணக்கிற் சென்ற பின்னரே அரங்கேற்றம். கிழமைக்கூத்துக்கு ஊர் வந்து பார்க்கும், பிழை சொல்லும், தாளம் தப்பியவனை இலேசில் விடாது. ஆடுபவன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுகின்றனர். ஒருவன் குரல் தனித்து நின்று வற்றிவிடாதபடி பலர் தாங்கும் ஏற்பாடு அது. எண்ணிமக் கதை கற்பவருக்கும் இத்தகைய இரவுகள் வேண்டும். ஒரு கிழமை சொன்னதை மறுகிழமை மாற்றவும், கேட்டிருந்த அயலவள் 'அண்டைக்கு நானும் நிண்டன்' என்று குறுக்கிடவும், இறுதியில் 'இதை வெளியே சொல்லமாட்டேன்' என்று ஒருவர் விலகவும் இடமிருத்தல் வேண்டும்.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். கூத்தே சுருங்கியதன்றோ என்பர். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது விடிய விடிய ஆடப்பட்டது சில மணி நேரத்துக்குள் அடங்கியது உண்மையே. ஆனால் அண்ணாவிமார் துணையோடு, ஆட்டத்தையும் பாட்டையும் மாணவர் உடலிற் பழக்கிய பின்னரே அச்சுருக்கம் நிகழ்ந்தது. நீண்டதைக் கற்றவரே சுருக்க உரிமையுடையவர். மூன்று நிமிடமென்ற அளவையே முதற்பாடமாக்குவது இதற்கு நேர்மாறு. மேலும், கூத்தின் உடையையும் தாளத்தையும் படத்திற் புகுத்துமாறு எவரும் கோரவில்லை. கோரப்படுவது அதன் பொறுமை.

காலமும் பணமும் எங்கே என்பர் சிலர். வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் பெயரால் அழகியற் கற்கை நிறுவகம் இருக்கின்றது. வெளிநாட்டு வல்லுநரின் விமானச் செலவு இல்லாமலே கிழமைக்கு ஓரிரவு கூட மாணவர் உளர். காலத்தைத் தேர்வதிலும் ஊரறிவு வேண்டும். மாரி வெள்ளத்தில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி நீருள் மூழ்கும்போது படுவான்கரையிலிருந்து வருவோர் தோணியை நம்பியிருப்பர். நிதியாண்டு முடியுமுன் கணக்குக் காட்ட மார்கழியில் செயலமர்வு வைப்போர், அக்கரை மக்களைத் தம்மை அறியாமலே விலக்கிவிடுகின்றனர். அக்கரைக் கதைகளோ போரைப் பற்றியன மட்டுமல்ல. 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியிற் போராட்டம் தொடங்கிய பண்ணையாளருக்கு மயிலத்தமடு மேய்ச்சற்றரையைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. பசுவைப் பெயர் சொல்லி அழைக்கும் குரலுக்கு ஒலிப்பதிவில் இடமுண்டு.

முடிந்த படம் யாரிடம் இருக்கும் என்பது எஞ்சிய வினா. செயலமர்வு முடிந்ததும் கோப்பு கொழும்புக்குப் போகின்றது. அங்கிருந்து கடல் கடக்கின்றது. சொன்னவர் கையில் ஒரு சான்றிதழ் எஞ்சுகின்றது. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கிப் பேணிவரும் நூலகம் திட்டம், தமிழர் தம் ஆவணத்தைத் தாமே காக்கவல்லர் என்பதைக் காட்டியுள்ளது. தனிமனிதர் கதைக்கு இன்னுமொன்று தேவை: பூட்டு. எவர் பார்க்கலாம், எவ்வளவு காலம், எப்போது அழிக்கப்படும் என்பன சொன்னவரின் சொற்படியே அமைதல் வேண்டும். பத்தாண்டு கழித்து அத்தாய் மனம் மாறி அதனை நீக்கக் கேட்பாளாயின், அவள் நடந்தே சென்று கேட்கக்கூடிய ஓர் அறை கிரானில் இருத்தல் வேண்டும்.