பூஜ்யத்தில் பிறந்தவர்கள்

பிறந்த தேதி தெரியாதவர்கள் இந்தியாவில் ஏராளம். பஞ்சத்தையோ புயலையோ வைத்து வயது சொல்லும் பாட்டிகள் எல்லா மாநிலங்களிலும் உண்டு. அந்தப் பாட்டியின் பெயர் கம்ப்யூட்டரில் ஏறும்போதுதான் சிக்கல். தேதிக்கான கட்டத்தில் எதையாவது போட்டாக வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இதற்கு நீண்ட காலம் ஒரு சலுகை தந்துவந்தது. தேதி தெரியாவிட்டால் 0000-00-00 என்று பதியலாம். பிப்ரவரி 31 என்று கொடுத்தால்கூட அதைப் பூஜ்யமாக்கிச் சேமித்துக்கொள்ளும்.

2015 அக்டோபரில் வந்த 5.7 பதிப்பு கண்டிப்பானது. நிறுவியபடியே விட்டால் அது பூஜ்யத் தேதியை ஏற்பதில்லை. 2018இல் வந்த 8.0 பதிப்பும் அப்படியே. பழைய பதிவுகள் அழிவதில்லை, படிக்கவும் முடியும். ஆனால் அட்டவணையின் அமைப்பை மாற்றப் போனால், தேதி தவறு என்று வேலை பாதியில் நின்றுவிடக்கூடும்.

அவசரத்தில் இரண்டு வழிகள் தோன்றும். ஒன்று, கண்டிப்பைத் தளர்த்திவிடுவது. இது பிரச்சினையை ஒத்திப்போடுவதுதான். மற்றொன்று, பூஜ்யங்களை எல்லாம் 1970 ஜனவரி 1 என்று மாற்றிவிடுவது. இது ஆபத்து. பூஜ்யத் தேதி பொய் என்பது பார்த்தாலே தெரியும். 1970 உண்மைபோல உட்கார்ந்துவிடும்.

முதியோர் பென்ஷன் பட்டியல் ஒன்றில் இப்படிச் செய்ததாக வைத்துக்கொள்வோம். மத்திய அரசுத் திட்டத்தில் 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். எழுபதைத் தாண்டிய பாட்டி, கணக்குப்படி 2030 வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 1900 என்று போட்டாலோ, 120 வயதைக் கடந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்ற சந்தேகத்தில் பெயரே நீக்கப்படலாம்.

சரியான மாற்று, ‘நல்’ என்ற குறி. அது பூஜ்யம் அல்ல, வெற்றிடமும் அல்ல. ‘தெரியாது’ என்று பொருள். இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 1965க்கு முன் பிறந்தவர்களைக் கேட்டால், ‘நல்’ உள்ளவர்கள் அந்தப் பட்டியலில் சத்தமில்லாமல் விடுபடுவார்கள். அவர்களைத் தனியாக எடுத்து, நேரில் விசாரிக்க வேண்டும். மதிப்பிட்ட வயதைத் தனிக் கட்டத்தில், மதிப்பீடு என்ற குறிப்போடு வைக்கலாம். இவ்வளவையும் முதலில் ஒரு நகலில் செய்துபார்ப்பது நல்லது.

பாட்டிக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. கம்ப்யூட்டரும் தெரியாது என்றே சொல்லட்டும். பென்ஷன் நிற்காமல் இருக்க அதுவே வழி.