ரசீது எங்கே?

நூறு நாள் வேலை 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தபோது முதலில் எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. இந்தப் பக்கத்து ஏரிகளை வெட்டிய கைகள் யாருடையவை என்று திண்டிவனத்தைச் சுற்றியுள்ள எந்தச் சேரியிலும் கேட்கலாம். வேலை கேட்டால் கிடைக்கும் என்றுதான் நமக்குச் சொன்னார்கள். கிடைக்காவிட்டால்? அதைச் சொல்லவில்லை.

2005ஆம் வருசத்துச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் அது இருந்தது. வேலை கேட்டு 15 நாளுக்குள் தராவிட்டால் வேலையில்லாப் படி தரணும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், பிறகு பாதிக்குக் குறையாமல். 2025-26இல் கூலி 336 ரூபாய். கால் பங்கு 84.

இந்த 84 ரூபாயைக் கேட்டு 2025 ஆடியில் காலனிப் பெண்கள் பன்னிரண்டு பேரோடு நானும் போனேன். இல்லை என்று விட்டார்கள். வேலை கேட்டதற்கு ஆதாரம் இல்லையாம். தேதி போட்டு ரசீது தர வேண்டியவன் அவன். தராதவனே ரசீது எங்கே என்கிறான்! அறுபது வயசு ஆயாவைப் பார்த்து, “நீ எப்ப வந்து கேட்ட?” என்றான், பேரன் வயசுப் பையன். பக்கத்தில் ஊராட்சித் தலைவர். ஆயா அவரைப் பார்த்துச் சொன்னாள்: “வாயாலதான் கேட்டேன். நீங்க ஓட்டு கேட்டப்ப நான் ரசீதா கேட்டேன் தலைவரே?”

ரசீது ஏன் வராது? படி மாநில அரசின் கஜானாவிலிருந்து போகணும், அது ஒன்று. இன்னொன்றை ஊர்த்தெரு டீக்கடையில் கேட்கலாம்: “நூறு நாள் வேலை வந்து களை எடுக்க ஆள் கெடைக்கல.” ஆள் எப்போதும் இருக்கிறது. அவர்கள் வைத்த கூலிக்குக் கும்பிட்டு வரும் ஆள்தான் கிடைக்கவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம் இந்தப் புலம்பலைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறது. 125 நாள் என்று ஏற்றிவிட்டு, விதைப்பு அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை மூடிவைக்க வழி செய்திருக்கிறது. பேரம் பேச நமக்குத் தெம்பு வருகிற காலமே அதுதான்.

படி தர முடியாவிட்டால் காரணத்தை நோட்டீஸ் பலகையில் ஒட்டணும் என்றது பழைய சட்டத்தின் 8ஆம் பிரிவு. எழுதிக் கொடு என்றோம். வாயால்தான் சொல்வானாம். நம் வாய்ச்சொல் செல்லாது, அவன் வாய்ச்சொல் செல்லும்.

அன்றைக்கே முறையீடு எழுதினோம், இரண்டு பிரதி. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் கைநாட்டு. விழுப்புரத்துக் குறைதீர்ப்பாளர் விலாசம் எழுதித் திண்டிவனம் தபால் ஆபீசில் கொடுத்தோம். கேட்காமலே ரசீது கிழித்துக் கொடுத்தார்கள். ஆயா வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.