மறுபடி வரச் சொன்னால் மோசடியா?

"மேமோகிராம் எடுக்கப் போன பொம்பளையை மறுபடி வா என்கிறார்கள். போனால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் எதுக்குக் கூப்பிட்டார்கள்? எல்லாம் வியாபாரம்!" கள்ளக்குறிச்சிப் பக்கம் இப்படி முழங்கித் திரிகிறார் ஓர் அன்பர். கைதட்டலும் கிடைக்கிறது.

அவர் கணக்கு தப்பு, அதுவும் அவருக்கே பாதகமாக. அமெரிக்காவில் ஆயிரம் பேருக்குப் படம் எடுத்தால் சுமார் நூறு பேரைத் திரும்ப அழைக்கிறார்கள். புற்றுநோய் உறுதியாவது ஐந்து பேர் அளவில். ஆக, அழைக்கப்பட்ட நூறு பேரில் 95 பேர் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். இதைச் சொன்னால் பயந்து கிடக்கிற பெண்ணுக்குத் தெம்பு வரும். அவரோ இதையே காட்டி அவளைப் போகவிடாமல் தடுக்கிறார். மிச்சமுள்ள ஐந்து பேர் யார் என்று போகாமலே கண்டுபிடிக்கும் வித்தை அவரிடம் இருந்தால் சொல்லட்டும்.

திரும்ப அழைத்தால் நோய் என்று பொருளல்ல. அடர்த்தியான மார்பகத்தின் திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் வரும். அந்த இடத்தை மட்டும் சின்னத் தகட்டால் அழுத்தி இன்னொரு படம், ஓர் அல்ட்ராசவுண்ட். பெரும்பாலோருக்கு அதோடு முடிந்தது. சிலருக்கு மட்டும், மூட்டையில் குத்தூசி போட்டு நெல் பார்ப்பதுபோல, ஊசியால் துளி சதை எடுப்பார்கள். "ஊசி பட்டால் நோய் முற்றிவிடும்" என்பது அன்பர் அவிழ்த்துவிடும் அடுத்த சரடு. அந்த ஊசி இல்லாமல் என்ன கட்டி, என்ன மருந்து என்று எதை வைத்து முடிவெடுப்பது?

மும்பை ஆய்வையும் துணைக்கு இழுக்கிறார்: கையால் தடவிப் பார்த்தாலே போதுமாம். 1998இல் டாடா நினைவு மருத்துவமனை தொடங்கிய ஆய்வு அது. ஒன்றரை லட்சம் பெண்கள், முடிவு வெளியானது 2021இல். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் கையில் சந்தேகம் தட்டியவர்களை என்ன செய்தார்கள்? மேல் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு வரவழைத்தார்கள்! அன்பர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும்.

தேவையில்லாமல் ஸ்கேன் எழுதித் தள்ளும் தனியார் மையங்கள் இல்லாமலில்லை. அவற்றைத் தாராளமாகத் திட்டட்டும். சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிற பெண்ணிடம் யார் என்ன வியாபாரம் பண்ணுகிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போகிறவள், கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் பிடித்துக் கீழே இறங்கினால் அன்றைய கூலி போச்சு. படத்துக்கு ஒரு நாள், முடிவுக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள் என்றால் மூன்றாம் முறை அவள் வரமாட்டாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்து அனுப்பு என்று கேட்டிருந்தால் அன்பருக்கு முதல் கைதட்டல் என்னுடையதாக இருந்திருக்கும். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அக்கா, தங்கைமாரே, திரும்ப வரச் சொன்னால் போங்கள். பழைய படம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டையும் ஒப்பிட்டாலே பல சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.