அந்தத் தாயிடம் தனியாகப் பேசுங்கள்

மத்திய மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளர் அவர்களுக்கு,



மாத்தளை மாவட்டத்தில் ஒரு பிள்ளையைச் சட்டப்படி மகவேற்க விரும்புகிறவர் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கட்டளை பிறப்பிப்பவர் நீதிபதி. ஆனால் ரத்தொட்டைக்கும் எல்கடுவைக்கும் மேலேறிப் போய், லயத்து வாசலில் உட்கார்ந்து, பெற்றவளோடு பேசி அறிக்கை எழுத வேண்டியவர் உங்கள் நன்னடத்தை உத்தியோகத்தர். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம்.

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் பழையதுதான். ஆனாலும் சம்மதம் என்று வரும்போது அது கவனமாகவே எழுதப்பட்டிருக்கிறது. பெற்றோர், பாதுகாவலர் ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையென்றால் அதையும் கேட்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு நிபந்தனை: சம்மதம் தருபவர் அதன் விளைவை விளங்கிக்கொண்டே தருகிறார் என்று நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும். பெற்றோர் உரிமை நிரந்தரமாகத் தன் கையை விட்டுப் போகிறது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் பேச வந்தது இந்தக் கடைசி நிபந்தனையைப் பற்றி.

சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் கண்டதைச் சொல்கிறோம். தோட்டத்திலிருந்து வந்த பெண். இருபது வயது இருக்கலாம். மடியில் பிறந்து முப்பத்தொரு நாள் கழியாத பிள்ளை. மேசையில் சிங்களத்தில் தட்டெழுதிய சத்தியக்கடதாசி. அதை அவளுக்குத் தமிழில் விளக்கியவர், அவளை அங்கே கூட்டிவந்த ஆள். விளக்கமும் ஒரே வரிதான்: “நல்ல எடத்துல வளரப் போவுது, பயப்படாத.” அவள் கையொப்பம் வைத்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “லீவு நாள்ல போய்ப் பாத்துட்டு வரலாந்தானே?” என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. கடதாசி மடிக்கப்பட்டு உறைக்குள் போனது.

அவள் இணங்கியது பிள்ளையை வளர்க்கக் கொடுப்பதற்கு. தோட்டங்களில் அது தலைமுறை தலைமுறையாக நடப்பது. பிள்ளையில்லாத அக்காவிடம் ஒன்றை விடுவார்கள். மலைக்கு வேலைக்குப் போகிறவள் தன் அம்மாவிடம் விட்டு வளர்ப்பாள். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் எல்லோரும் கூடும்போது அந்தப் பிள்ளைக்கு இரண்டு தாய்மார் இருப்பார்கள். சட்டம் சொல்லும் மகவேற்பில் பெற்றவளுக்கு இடமே கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் வைத்த கையொப்பத்தைச் சம்மதம் என்று எப்படி ஏற்பது? நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரசே மொழிபெயர்ப்பு வசதி தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் அவள் மனம் முடிவானது நீதிமன்றத்துக்கு வெளியே, அந்த மேசையில்.

இந்த நாடு இதற்கு ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1970களிலும் 80களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1973 முதல் 1997 வரை சுவிட்சர்லாந்து மட்டும் 881 குழந்தைகளுக்கு நுழைவு அனுமதி கொடுத்தது. பெற்றவளுக்குப் பதிலாகக் கூலிக்கு வந்த வேறு பெண் ‘தாய்’ என்று ஆவணங்களில் நின்றதும், பிறப்புப் பதிவுகள் திரிக்கப்பட்டதும் 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் செம்ப்ளா நிகழ்ச்சி வழியாக உலகத்துக்குத் தெரியவந்தன. சுவிஸ் அரசு 2020 டிசம்பரில் தன் அதிகாரிகளின் தவறுகளுக்காக வருத்தம் தெரிவித்தது. அடுத்த பெப்ரவரியில், விசாரணைக் குழுவொன்றின் அறிக்கை வந்த கையோடு நெதர்லாந்து வெளிநாட்டு மகவேற்புகளை நிறுத்தி வைத்தது. அப்படிப் போன பிள்ளைகள் இன்று நடுவயதில் திரும்பி வந்து தாயைத் தேடுகிறார்கள். பலருக்குக் கையிலிருக்கும் பெயரே பொய்ப் பெயர்.

சட்டம் அதற்குள் இறுகியது உண்மை. 1992இல் வெளிநாட்டவர் மகவேற்புக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 1995இல், நாடுகளுக்கிடையிலான மகவேற்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது. பிள்ளை பிறந்த பிறகே தாயின் சம்மதத்தைப் பெறலாம் என்பது அதன் விதி. அதே ஆண்டில் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, கர்ப்பிணியிடம் பணம் கொடுத்து வயிற்றுப் பிள்ளைக்குச் சம்மதக் கடதாசி வாங்குவதைக் குற்றமாக்கியது. அப்படியிருந்தும் 2020 டிசம்பரில், கர்ப்பிணிப் பெண்களை மொரட்டுவையில் தங்கவைத்து, பிறந்த குழந்தைகளை இணையத்தளம் மூலம் விற்றார் என்ற சந்தேகத்தில் ஒருவர் கைதானார். அவர் நம் மாத்தளையைச் சேர்ந்தவர் என்று பொலிஸ் அறிவித்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது.

ஆணையாளர் அவர்களே, உங்கள் அதிகாரத்துக்குள்ளேயே செய்யக்கூடியவற்றைக் கேட்கிறோம்.

பெற்றவளைத் தனியாகச் சந்திக்க வேண்டும். பிள்ளையை எடுக்க வந்தவர்களும், கூட்டிவந்த ஆளும், முடிந்தால் மாமியாரும்கூட, அந்த இடத்தில் இருக்கக் கூடாது. பேச்சு தமிழில் நடக்க வேண்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாத பிரிவுக்கு இன்னொரு பிரிவிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். “இனி நீங்கள் சட்டப்படி இந்தப் பிள்ளையின் தாய் இல்லை, பார்க்க வேண்டும் என்று கேட்க உரிமை இருக்காது” என்று நேராகச் சொல்லி, அதற்கு அவள் தந்த பதிலை அவள் வார்த்தையிலேயே அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். வறுமைதான் காரணமென்றால், பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள என்ன உதவி உண்டு என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அவளுக்கு நாளும் கொடுங்கள். இங்கிலாந்தில் பிள்ளைக்கு ஆறு வாரம் ஆகும் முன் தாய் தரும் சம்மதம் செல்லாது. இந்தியாவில் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோருக்கு மனம் மாற இரண்டு மாதம் உண்டு. பிரசவ வலி ஆறாத உடம்போடு வைத்த கையொப்பத்தை வைத்து அறிக்கை எழுதுவதில்லை என்று உங்கள் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை விட்டால், அதற்காகப் பாராளுமன்றத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது வெளிநாடு போன தாய்மார். தேடிக் கண்டுபிடிக்க முடியாத பெற்றோரின் சம்மதம் இல்லாமலே கட்டளை இட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சவூதியிலோ குவைத்திலோ வீட்டு வேலைக்குப் போய், எசமானி போனைப் பறித்து வைத்திருக்க, ஆறு மாதம் வீட்டோடு பேச முடியாமல் தவிக்கும் பெண்ணை அந்தக் கணக்கில் சேர்க்க யாரையும் விடாதீர்கள். பதிந்து போனவளென்றால் அவளுடைய கடவுச்சீட்டு இலக்கமும் அனுப்பிய முகவரின் பெயரும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் இருக்கும். பணியகத்துக்கும் தூதரகத்துக்கும் எழுதிக் கேட்டதற்கான கடிதம் கோவையில் இல்லாமல், ‘தாய் எங்கே என்று தெரியவில்லை’ என்ற வரி உங்கள் அறிக்கைகளில் வரவே கூடாது. பாட்டி சரி என்றால் அது பாட்டியின் சம்மதம். மகளுக்காக அவர் கையொப்பம் வைக்க முடியாது.

பிள்ளைக்காகப் பல வருடம் காத்திருந்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிய தம்பதிகளின் ஏக்கம் எங்களுக்குத் தெரியும். மகவேற்பை நாங்கள் எதிர்க்கவில்லை. ஒழுங்காகப் பெற்ற சம்மதம் அவர்களுக்கும் காவல். பத்து வருடம் கழித்து எவரும் வந்து கதவைத் தட்டி வழக்குப் பேச முடியாது. பயத்தினாலோ அவசரத்தினாலோ, பிறந்த பிள்ளையைத் தம் பெயரிலேயே நேராகப் பதிந்துகொள்கிறவர்கள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள். அது குற்றம் என்பதையும், முறையான வழி எது என்பதையும் தோட்டத்து வைத்திய நிலையங்களிலும் பிள்ளை மடுவங்களிலும் தமிழில் ஒட்டி வையுங்கள். அந்தத் துண்டுப்பிரசுரத்தை எழுதித் தரவும், எங்கள் செலவில் அச்சிட்டுத் தரவும் நாங்கள் தயார்.

இவற்றில் எதை, எப்போது செய்வீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் பதிலை ஓர் எழுத்தும் குறைக்காமல் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்
மாத்தளை