தொட்டிக்குள் மழைக்காடு தானாக வாழுமா?



மீன் தொட்டி ஒன்றில் மண் இட்டு, பெரணியும் பாசியும் நட்டு, கண்ணாடியால் இறுக மூடிவிட்டால், அது தானாகவே வாழும் ஒரு குட்டி மழைக்காடு ஆகிவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழையே பெறும் நம் புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இது ஆசையைத் தூண்டும் செய்திதான். "இதெல்லாம் விளையாட்டு, பாடத்தைப் படி" என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவசியம் செய்து பாருங்கள். ஆனால் 'தானாகவே வாழும்' என்ற சொற்களை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கணக்குப் போட்டுச் சோதியுங்கள். அந்தக் கணக்கு தொட்டியைப் பற்றி மட்டுமல்ல, நம் ஊர்க் காட்டைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லும்.

முதலில் சிறிது வரலாறு. 1829ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் வைத்து ஒரு சீசாவில் மூடி வைத்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவர் கண்டதோ, மண்ணிலிருந்து முளைத்த ஒரு பெரணியையும் ஒரு புல்லையும்தான்! ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், நீர் ஊற்றாமலே அவை வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்த பிறகே அழிந்தன. இதிலிருந்து பிறந்த 'வார்டு பெட்டிகள்' கடல் கடந்து செடிகளைக் கொண்டு செல்லப் பயன்பட்டன. மலேரியாவுக்கு மருந்து தரும் சின்கோனாவை 1860ஆம் ஆண்டையொட்டி நீலகிரிக்குக் கொண்டுவர நடந்த முயற்சியிலும் இப்பெட்டிகளுக்குப் பங்கு உண்டு.

செய்யும் முறை எளிது. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டியின் அடியில் செம்புறாங்கல் துண்டுகளைப் பரப்புங்கள். அதன்மேல் நொறுக்கிய அடுப்புக்கரி. அதற்கும் மேல் இலைமக்கு கலந்த மண். கிணற்றுச் சுவரிலும் குழாயடியிலும் தானாக வளரும் பெரணியையும் பாசியையும் நடுங்கள். உதிர்ந்த இலைகள் சில, மரவட்டை ஒன்றிரண்டு இருக்கட்டும். மண் நனையும் அளவுக்கு நீர் தெளித்து மூடுங்கள். நேர் வெயிலில் வைக்கக் கூடாது. கண்ணாடி வழியாக ஒளி உள்ளே போகும். சூடான காற்று வெளியேற வழியில்லை. சித்திரை வெயிலில் ஒரே மதியத்தில் உங்கள் காடு வெந்துவிடும். தாழ்வாரத்தின் வெளிச்சமே போதும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மண் போக, தொட்டியில் சுமார் 40 லிட்டர் காற்று இருக்கும். 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அக்காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 1.6 கிராம் நீராவியைத் தாங்கும். இரவில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் 0.9 கிராமைத்தான் தாங்கும். மீதி 0.7 கிராம் கண்ணாடியில் முத்து முத்தாகப் படியும். உங்கள் மழைக்காட்டின் ஒரு மழை என்பது ஏறத்தாழ 14 துளி!

கரியமில வாயுவின் கணக்கு இன்னும் வியப்பானது. இன்றைய காற்றில் அது சுமார் 0.04 சதவீதம். 40 லிட்டரில் ஏறத்தாழ 17 மில்லி லிட்டர். அதிலுள்ள கார்பன் 8 மில்லிகிராம் அளவே. அதைக்கொண்டு செடி 20 மில்லிகிராம் உலர் எடைக்குமேல் வளர முடியாது. ஒரு நடுத்தர இலைக்குக்கூட அது போதாது. பின் எப்படிச் செடி வளர்கிறது? உதிர்ந்த இலைகளை நுண்ணுயிர்கள் மக்கவைத்துக் கரியமில வாயுவைத் திரும்பத் தருகின்றன. மக்குதல் நின்றால் வளர்தலும் நிற்கும்.

இதை நீங்களே நிறுவலாம். கண்ணாடிச் சீசா ஒன்றில் இவ்வாறே செடி நட்டு, காற்றுப் புகாமல் மூடி, வாரம் ஒரு முறை தராசில் நிறுத்துக் குறித்து வாருங்கள். செடி வளரும், எடை மாறாது. வளர்ந்த இலைக்கு வேண்டிய பொருள் எல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது! ஒன்று மட்டும் வெளியிலிருந்து வருகிறது: ஒளி. அலமாரிக்குள் பூட்டி வைத்தால் உங்கள் 'தானாக வாழும்' காடு சில வாரங்களில் வாடத் தொடங்கும். ஆகவே பொருளுக்குக் கதவு மூடியிருக்கலாம். ஆற்றலுக்கு மூட முடியாது.

தொட்டி சிறியது என்பதால்தான் இந்தத் தொல்லை, பெரிதாகக் கட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவின் அரிசோனாவில் மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்பில், மழைக்காடும் ஒரு குட்டிக் கடலும் அடங்கிய கண்ணாடி மாளிகை கட்டினார்கள். பெயர் 'பயோஸ்பியர் 2'. 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே சென்று இரண்டு ஆண்டுகள் தங்கினர். 20.9 சதவீதமாக இருந்த பிராணவாயு 14.5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் அதை உறிஞ்சின. அவை வெளிவிட்ட கரியமில வாயுவில் பெரும்பகுதியைக் கான்கிரீட் சுவர்கள் பிடித்துக்கொண்டதால், செடிகளால் அதை மீண்டும் பிராணவாயுவாக மாற்ற முடியவில்லை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து பிராணவாயு செலுத்த வேண்டியதாயிற்று. மூன்று ஏக்கரும் போதவில்லை. சேமிப்பு குறைவாக உள்ள இடத்தில் சிறு பிழையும் பேரிழப்பு ஆகிறது.

இந்தப் பாடத்தோடு நம் ஊருக்கு வாருங்கள். மெய்யான மழைக்காட்டைக் காண வால்பாறைப் பக்கம் போகவேண்டும். ஆனால் நமக்கென்று வேறொரு காடு உண்டு. மழை குறைந்த இடத்திலும் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு அது. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் 1968இல் இதைத் தனி வகையாகவே குறித்தனர். வீரை, காயா, உலக்கைப்பாலை முதலிய மரங்கள் நிறைந்த இக்காடு, நம் மாவட்டத்தில் பெரும்பாலும் அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள கோயில் காடுகளாகவே எஞ்சியிருக்கிறது. சுற்றிலும் வயலும் சாலையும் தைலமரத் தோட்டமும். கண்ணாடி இல்லை என்பதைத் தவிர, அதுவும் ஒரு தொட்டிதான்!

"ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் என்ன, நடுக்காடு இருக்கிறதே" என்பார்கள். அதற்கும் கணக்கு உண்டு. பக்கத்துக்கு 200 மீட்டர் உள்ள சதுரக் காட்டில், ஓரத்திலிருந்து 20 மீட்டர் வரை வெயிலும் காற்றும் புகுந்து உலர்த்துவதாக வைத்துக்கொள்வோம். நிழல் குன்றாத உட்காடு 160 மீட்டர் சதுரம். அதாவது மொத்தப் பரப்பில் 64 சதவீதம். பக்கம் 100 மீட்டராகச் சுருங்கினால் உட்காடு 36 சதவீதம். 50 மீட்டரானால் வெறும் 4 சதவீதம்! மரங்கள் நிற்கும், ஆனால் காடு இராது. நிழலில் முளைக்கும் கன்று முளைக்காது. பழம் தின்று விதை பரப்பும் பறவையும் வராது. ஒரு தோட்டத்தில் ஆயிரம் தைலமரங்களை நட்டு இதை ஈடு செய்ய முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. தொட்டிக்காகக் கோயில் காட்டிலிருந்து ஒரு செடியைக்கூடப் பிடுங்காதீர்கள். கிணற்றுச் சுவரே போதும். அடுத்த விடுமுறையில் ஓர் அளவு நாடாவும் ஒரு வெப்பமானியும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கோயில் காட்டுக்குப் போங்கள். ஓரத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை நண்பகல் வெப்பநிலையைக் குறியுங்கள். காட்டின் நீள அகலத்தையும் அளந்து வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து "காடு அப்படியேதான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், உங்கள் நோட்டுப் புத்தகம் பதில் சொல்லும்.