உருக்கு முதலாளியும் பேய்க் கதையும்

அமெரிக்காவில் எழுத்தாளனுக்குப் பூரண சுதந்திரமாம்! ராட் செர்லிங்குக்கு நேர்ந்ததைக் கேளுங்கள், தோழர்களே.

1955ல் மிசிசிப்பி மாகாணத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளை நிறவெறியர்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி கொலைகாரர்களை விடுதலை செய்தது. கொதித்துப்போன செர்லிங் டெலிவிஷன் நாடகம் எழுதினார். நாடகத்துக்குப் பணம் போட்டது யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பெனி. நிறவெறிக் கும்பல் மிரட்டியது. பேனாவில் கத்தரி விழுந்தது. 1956ல் நாடகம் வெளிவந்தபோது கதை வடக்கே ஓடியிருந்தது. செத்தவன் யாரோ ஒரு அந்நியன். தெற்கை நினைவூட்டும் என்று கோகோ கோலா பாட்டிலைக்கூட அகற்றினார்கள்!

1959ல் அவர் 'ட்விலைட் ஸோன்' தொடரில் பேய்களையும் வேற்றுக்கிரகத்தாரையும் துணைக்கு அழைத்தார். 1960ல் வந்த ஒரு கதையில் தெருவிளக்கு அணைகிறது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் சந்தேகித்துச் சுட்டுக்கொள்கிறார்கள். வேற்றுக்கிரகத்தார் குன்றிலிருந்து வேடிக்கை பார்க்கிறார்கள். இதற்கு மட்டும் முதலாளியின் கத்தரி எழவில்லை!